ஏற்காட்டில் ஒரு சாவு வீட்டு காமெடி: பைலட்டில் என்ன எதிர்பார்க்கலாம், எங்கே உதைக்கும்?

பந்தக்கால் (இழையைத் தொடங்கியவர்)

ஜனவரி மூணாவது வாரம் ஷூட். ஏற்காட்டுல நாலு நாள், செவ்வாய்ப்பேட்டைல ஒரு நாள். ஒரே எபிசோட், 22 நிமிஷம். இதை வெச்சுத்தான் மீதி ஏழு எபிசோடுக்கு ஆள் பிடிக்கணும்.

கதை இது. சேலத்துல சாமியானா, பிளாஸ்டிக் சேர், ஃப்ரீசர் பாக்ஸ் வாடகைக்கு விடற கடை. அண்ணன், தம்பி, ரெண்டு பாக்ஸ். அப்பா ஏற்காட்டுல ஒரு காபி தோட்டத்து வீட்டுல தனியா இருக்கார். சனிக்கிழமை சாயங்காலம் போய்ச் சேர்ந்துடறார். அன்னிக்குப் பார்த்து ரெண்டு பாக்ஸும் வாடகைக்குப் போயிருக்கு. ஊருக்கெல்லாம் பொட்டி கொடுத்தவன் சொந்த அப்பனுக்கு எதிர்க்கடைல போய் நிக்கணும். பாக்ஸ் மலையேறணும், அப்பா மலையிறங்கணும், நடுவுல இருபது கொண்டை ஊசி.

கதை எழுத்தாளர் சங்கத்துல பதிவாயிடுச்சு, அதனால தைரியமா இங்க போடறேன். வாழ்த்து வேண்டாம். ஓட்டை எங்கன்னு சொல்லுங்க.

ஐந்துரோடு எடிட்டர்

முதல்ல நல்லதைச் சொல்லிடறேன். வாடகைக் கடைங்கறது சரியான பிடி. "ரெண்டாவது எபிசோட்ல என்ன?"ன்னு கேட்டா வாரம் ஒரு வீடுன்னு பதில் ரெடியா இருக்கு. அமெரிக்க டிவில பைலட்டுன்னா தொடரை வாங்கலாமா வேண்டாமான்னு முடிவெடுக்க எடுக்கற மாதிரி எபிசோட். நம்ம பக்கம் பாதிப் பேர் ஒரு குறும்படத்தை எடுத்துட்டு அதுக்குப் பைலட்டுன்னு பேர் வெச்சுடறாங்க. அப்பாவை அடக்கம் பண்ணி, அண்ணன் தம்பி கட்டிப்பிடிச்சு அழுது முடிச்சீங்கன்னா நீங்களும் அந்தக் கணக்குல சேர்ந்துடுவீங்க.

ஸ்கிரிப்ட் எத்தனை பக்கம்? ஒரு பக்கம் ஒரு நிமிஷம்ங்கற கணக்கு சண்டை சீனுக்கு ஒத்து வராது. ரெண்டு பேர் மாத்தி மாத்தி வெட்டிப் பேசினா பக்கம் 40 செகண்டுல ஓடிடும். ஆனா எழவு வீட்டுல பாதி சிரிப்பு பேசாம இருக்கற நேரத்துலதான் வரும், அது பக்கத்துல தெரியாது. ஸ்டாப்வாட்ச் வெச்சு, மௌனத்தையும் சேர்த்து, உட்கார்ந்து சத்தமா படிச்சுப் பாருங்க. 25 நிமிஷத்தைத் தாண்டினா எடிட்ல வெட்டிக்கலாம்னு விடாதீங்க. எடிட்ல முதல்ல வெட்டுப்படறது அந்த மௌனம்தான்.

சில்வர் ஓக்

ஜனவரின்னா தோட்டத்துல பழம் பறிக்கற சீசன் இன்னும் முடிஞ்சிருக்காது. களத்துல காபி காய்ஞ்சுட்டிருக்கும், ஆள் நடமாட்டம் இருக்கும். களத்தை மறிச்சு லைட் ஸ்டாண்டு போட்டா ஓனர் ஒத்துக்கிட்டாலும் மேஸ்திரி ஒத்துக்க மாட்டார். முன்னாடியே எந்தப் பக்கம் காய வைப்பாங்கன்னு கேட்டு அதுக்கு எதிர்ப்பக்கம் ஃப்ரேம் வையுங்க.

இன்னொண்ணு, பேட்ச் ஒர்க். ஜனவரில செடில சிவப்புப் பழம் தொங்கும். சேனல்காரங்க பார்த்துட்டு "இந்த ரெண்டு ஷாட் மட்டும் மறுபடி எடுங்க"ம்பாங்க. நீங்க மார்ச் கடைசிலயோ ஏப்ரல்லயோ போனா, ஒரு மழை விழுந்திருந்தாப் போதும், தோட்டம் பூராவும் வெள்ளைப் பூவா நிக்கும். அப்பா ஒரே ராத்திரில செத்தவர், பின்னாடி செடி மட்டும் மூணு மாசம் வளர்ந்திருக்கும். அதனால வெளிப்புற ரியாக்‌ஷன் எல்லாம் சுவரையோ சில்வர் ஓக் அடிமரத்தையோ பின்னணியா வெச்சு எடுத்துடுங்க. அடிமரம் எப்பவும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

அஸ்தம்பட்டி ஆடியோ

லைவ் சவுண்டா டப்பிங்கா? டப்பிங்குன்னா இந்தக் கதையை எடுக்கவே வேண்டாம்னு சொல்வேன். முணுமுணுப்புல வர்ற காமெடியை ஏசி ரூம்ல நின்னு திருப்பிப் பேசினா நாடகம் ஆயிடும்.

லைவ்னா உங்க முதல் எதிரி ஃப்ரீசர் பாக்ஸ் கம்ப்ரசர். பக்கத்துல நின்னு பேசற ஒவ்வொரு டயலாக்குக்குக் கீழயும் அந்த ரீங்காரம் வரும். கம்ப்ரசர் தானா நின்னு தானா ஓடும், அதனால ஒரே சீன்ல பாதி ஷாட்டுல சத்தம் இருக்கும், பாதில இருக்காது. வெட்டி ஒட்டினா பல் இளிக்கும். டேக் எடுக்கும்போது பிளக்கைப் பிடுங்கிடுங்க. பாக்ஸ் ஓடற சத்தத்தைத் தனியா ரெண்டு நிமிஷம் கிட்ட மைக் வெச்சுப் பதிவு பண்ணி, ஆர்.ஆர். (ரீ-ரிக்கார்டிங், கடைசியா சத்தம் சேர்க்கற வேலை) சமயத்துல சீன் முழுக்க ஒரே அளவுல போடுங்க. அப்புறம் அது உங்க கைல ஆயுதம். யாராவது பொய் சொல்லும்போது கம்ப்ரசர் டக்குனு நின்னா அதுவே பஞ்ச்.

ரெண்டாவது, பொழுது சாஞ்சா சில்வண்டு. அதை ஃபில்டர் போட்டு எடுக்கப் போனா பேச்சுல ச, ஸ எல்லாம் சேர்ந்து போயிடும். ராத்திரி சீன்ல கதவு ஜன்னலைச் சாத்தி உள்ள எடுங்க, வெளிய எடுத்தா பூச்சிச் சத்தத்தை ஏத்துக்கங்க. ஒவ்வொரு இடத்துலயும் ஒரு நிமிஷம் ரூம் டோன், அதாவது அந்த இடத்தோட வெறும் சத்தம், எல்லாரையும் வாய மூடச் சொல்லி. பனி இறங்கின ராத்திரில சில்வர் ஓக் இலைல இருந்து தகரக் கூரைமேல சொட்டும். மழையே இல்லாம மழைச் சத்தம். அதைத் தவிர்க்க ஒரே வழி தகரக் கூரை இல்லாத வீடு.

மூணாவது, துணி. எழவு வீட்டுக் கோடி வேட்டி புதுசா, கஞ்சி மொடமொடப்போட இருக்கும். சட்டைல குத்தற லேப்பல் மைக்குல அது அப்பளம் நொறுக்கற சத்தம். எல்லாக் கோடியையும் ஒரு தடவை அலசிக் காயப்போட்டுக் கொண்டுவாங்க. பார்வைக்குப் புதுசாவே இருக்கும்.

பந்தக்கால்

பிளக்கைப் பிடுங்கினாலும் உள்ள படுக்கறது நிஜ ஆள். அப்பா கேரக்டருக்கு அறுபத்தஞ்சு வயசு நடிகர். இதுக்கு என்ன பண்றாங்க?

வாடகைப் பாத்திரம்

மூடியைப் பூட்டி உள்ள ஆளைப் படுக்க வைக்கறது கூடவே கூடாதுங்க, அரை நிமிஷ ஷாட்டா இருந்தாலும். காத்து போக வர வழியில்லாத பொட்டி அது. ஷூட்டிங்குக்கு ரிப்பேரான பழைய பாக்ஸ் ஒண்ணை வாங்கி, கேமராவுக்குத் தெரியாத பக்கத்துல பலகையைக் கழட்டிடுங்க. மூடி மேல இருந்தாலும் பக்கவாட்டுல முழுசாத் திறந்திருக்கணும். கூட ஒருத்தர் கையை உள்ள விட்டு அவர் கையைப் பிடிச்சுட்டே நிக்கட்டும். மூச்சு முட்டினா அழுத்தறதுதான் சிக்னல்.

அலங்காரம்: மூக்குல பஞ்சு உள்ள போகக்கூடாது. முன்னாடி ஒரு உருண்டையை ஒட்டினாப் போதும். தாடையைச் சுத்தி வெள்ளைத் துணி கட்டறப்ப உதடு ஒரு நூல் திறந்திருக்கட்டும், அவர் அதுலதான் மூச்சு விடணும். நெஞ்சு ஏறி இறங்கறதை மறைக்க சம்பங்கி மாலை வேண்டாம், லேசா இருக்கறதால அதுவும் ஆடும். ரோஜா மாலை, கனமானது, ரெண்டு அடுக்கு. நெத்திக் காசை டபுள் டேப்ல ஒட்டுங்க. இல்லேன்னா ஒவ்வொரு டேக்குக்கும் காசு ஒரு பக்கம் போயிருக்கும். தலை விழுந்த பக்கமா, பூ விழுந்த பக்கமான்னு போட்டோ எடுத்து வெச்சுக்கங்க, கால் கட்டைவிரல் கட்டையும் சேர்த்து.

கதைக்கும் ஒண்ணு சொல்றேன். பாக்ஸை வண்டில சாய்ச்சுப் போட்டு மலையேத்தினா, இறக்கின உடனே சுவிட்ச் போடக்கூடாது. கம்ப்ரசர் ஆயில் குழாய்க்குள்ள ஓடியிருக்கும். சில மணி நேரம் நிமிர்த்தி வெச்ச பிறகுதான் போடணும். தொழில் தெரிஞ்ச அண்ணன் தம்பிக்கு இது தெரியும், சுத்தி நிக்கற சொந்தக்காரங்களுக்குத் தெரியாது. "அப்பனைப் படுக்க வெச்சுட்டு கரண்டு போட மாட்டேங்கறான் பாரு"ன்னு பெரியப்பா கத்தறதுக்கு இதைவிட நல்ல காரணம் கிடைக்காது.

அதே மாதிரி கரண்டு போய் வந்தா கம்ப்ரசர் உடனே கிளம்பாது. உள்ள அழுத்தம் சமமாக மூணு, அஞ்சு நிமிஷம் ஆகும். சின்ன இன்வெர்ட்டர்ல மாட்டினா ஸ்டார்ட் ஆகற இழுப்புலயே கட் ஆயிடும். மலைல கரண்டு போறது ஒண்ணும் அதிசயமில்ல. அந்த அஞ்சு நிமிஷம் குடும்பமே பொட்டியைப் பார்த்துட்டு நிக்கும்.

ஐந்துரோடு எடிட்டர்

அந்த அஞ்சு நிமிஷம்தான் உங்க பைலட்டோட நடு சீன். எங்கயும் வெட்டாதீங்க.

கோரிமேடு லைட்

பாக்ஸ் மூடி கண்ணாடி மாதிரி எல்லாத்தையும் காட்டும். மேல டாப் ஆங்கிள் வெச்சா கேமரா, கேமராமேன், அவர் சட்டைப் பையில இருக்கற பேனா வரைக்கும் தெரியும். போலரைசர் (பிரதிபலிப்பைக் குறைக்கற ஃபில்டர்) போட்டாச் சரியாயிடும்னு நினைப்பீங்க. சாய்வா, கண்ணாடிக்கு முப்பது நாப்பது டிகிரில இருந்து பார்த்தாத்தான் அது வேலை செய்யும். நேர் மேல இருந்து பார்த்தா ஒண்ணும் பண்ணாது, சும்மா ஒண்ணரை ஸ்டாப் வெளிச்சம்தான் போகும். டாப் ஆங்கிளுக்கு மூடியையே கழட்டிடுங்க, ஓரத்து ஃப்ரேம் மட்டும் இருந்தா ஆடியன்ஸ் மூடி இருக்குன்னு எடுத்துக்குவாங்க. கண்ணாடில பனி படிஞ்ச மாதிரி வேணும்னா கிளிசரினும் தண்ணியும் பாதிக்குப் பாதி கலந்து ஸ்ப்ரே அடிங்க. வெறும் தண்ணி ரெண்டாவது டேக்குல காய்ஞ்சுடும்.

மூடுபனி தனிக் கதை. பத்து நிமிஷத்துல வரும், பத்து நிமிஷத்துல போகும். பனி இருக்கும்போது மாஸ்டர் ஷாட்டை (மொத்த சீனும் தெரியற அகல ஷாட்) அடிச்சுடுங்க. குளோசப், சஜஷன் (ஒருத்தர் தோளுக்குப் பின்னாடி இருந்து எடுக்கற ஷாட்) எல்லாம் பின்னாடி லேசாப் புகை போட்டு ஒப்பேத்திக்கலாம். தலைகீழாப் பண்ணினா அகல ஷாட்டுக்குப் பனி கிடைக்காம உட்கார்ந்திருப்பீங்க. ஆட்டோ ஃபோகஸ் பனில அலையும், கையால ஃபோகஸ் பண்ற ஆள் வேணும். உள்ள சாம்பிராணிப் புகை எழவு வீட்டுக்கு நியாயமாவே இருக்கும், அதுவே உங்க புகை மெஷின். ஃபேனை மட்டும் நிறுத்திடுங்க.

வெளிய குளிர்ல இருந்த லென்ஸை ஆள் நிறைஞ்ச ரூமுக்குள்ள கொண்டுபோனா ஆவி படியும். துடைக்கத் துடைக்க வரும். பையை மூடியபடியே உள்ள கொண்டுபோய் அரை மணி நேரம் வெச்சுட்டுத் திறங்க. 25 ஃப்ரேம்ல எடுங்க, ஷட்டர் 50ல ஒண்ணு. அந்தப் பழைய வீட்டு டியூப் லைட் அப்பத்தான் துடிக்காது. 24ல எடுத்தே ஆகணும்னா ஷட்டர் 172.8 டிகிரி.

தட்டுவடை செட்

எல்லாரும் கருவியைப் பத்திப் பேசறீங்க. சிரிப்பு யாரைப் பார்த்துங்கறதுதான் என் கவலை.

எழவு வீட்டு காமெடின்னாலே நம்ம ஆட்கள் மூணு பேரைப் பிடிச்சுக்கறாங்க: ஒப்பாரி வைக்கற பாட்டி, பறையடிக்கறவர், சுடுகாட்டுல வேலை செய்யறவர். அந்த மூணு பேருந்தான் அங்க வேலையை ஒழுங்காச் செய்யறவங்க. அவங்களைச் சிரிப்புப் பொருளாக்கினா அது இருண்ட நகைச்சுவை இல்ல, பழைய சாதித் திமிர். துக்கத்துக்கு வந்துட்டு பீரோ சாவி எங்கன்னு பார்க்கறவன் மேல போகட்டும் சிரிப்பு.

அப்புறம் அந்த "டொய்ங்". யாராவது முழிச்சா ஒரு சத்தம், திரும்பினா ஒரு சத்தம். சீரியல்ல பழகின கை தானாப் போடும். அதை ஒரு இடத்துல போட்டாலும் மொத்தமும் போச்சு. தன்னைப் பார்த்துச் சிரிக்கறாங்கன்னு அந்த வீட்டுல ஒருத்தருக்கும் தெரியக்கூடாது.

பந்தக்கால்

தட்டுவடை, சரியாச் சொன்னீங்க. பறை உண்டு, ஆனா அவர்தான் வண்டி எந்த வழில போகணும்னு சரியாச் சொல்ற ஒரே ஆள். யாரும் கேக்க மாட்டாங்க.

எதிர்க்கடை சீன்தான் இன்னும் உட்காரல. இப்ப ரெண்டு பேரும் பழைய பகையைப் பேசி வாடகையை ஏத்தறாங்க. எதிர்பார்த்த மாதிரியே போகுது.

ஐந்துரோடு எடிட்டர்

பகையே பேச வேண்டாம். பில் புக் இருக்குல்ல, அதுல "இறந்தவர் பெயர்"னு ஒரு கட்டம் வையுங்க. தம்பி ஆயிரம் தடவை நிரப்பின கட்டம்.

— பேரு?
— ராமசாமி.
— இனிஷியல்?
— ஆர்.
— அது நீங்க தம்பி. அவருக்கு?

தம்பி முழிக்கறான். அண்ணனுக்குப் போன் போடறான்.

— அண்ணா, அப்பாவோட அப்பா பேரு என்ன?
— எதுக்குடா? பட்டாலயா கேக்கறாங்க?

அவ்வளவுதான். அண்ணன் முகத்தைக் காட்டாதீங்க, குரல் மட்டும். கடைசி வரிக்கு அப்புறம் எதிர்க்கடைக்காரர் மேல ரெண்டு செகண்டு நில்லுங்க. அவர் வாடகையைக் குறைச்சுக்கறார். பரிதாபப்பட்டுத்தான், ஆனா தம்பிக்கு அது அவமானம்.

உம்முனு ஒருத்தன்

"பட்டாலயா கேக்கறாங்க"... எங்க பக்கத்துல இது காமெடி இல்லங்க, செய்தி.

பந்தக்கால்

எடுத்துக்கறேன், நன்றி. இப்ப சீசன் முழுக்கப் போற முடிச்சு. கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸுக்கு அப்பா போட்டோ கிடைக்காம ஒரு பழைய போட்டோல இருந்து வெட்டி எடுக்கறாங்க. ஃப்ளெக்ஸ் கட்டின பிறகு பார்த்தா, அப்பாவோட தோள்ல ஒரு கை. வளையல் போட்ட கை. அம்மாவோடது இல்ல. இதை எப்படிக் காட்டறது?

ஐந்துரோடு எடிட்டர்

காட்டாதீங்க. முதல் தடவை ஃப்ளெக்ஸ் பின்னணில இருக்கட்டும், முன்னாடி சேர் எண்ணற சண்டை. ரெண்டாவது தடவை மாலை போட வர்றவர் மாலையால கையை மறைக்கப் பார்க்கறார், ஏன்னு தெரியாது. மூணாவது தடவை அம்மா தனியா நின்னு பார்க்கறா. அம்மா முகத்துல ஆச்சரியம் இருக்கக்கூடாது. அவளுக்கு முன்னாடியே தெரியும். எபிசோட் அங்க முடியட்டும்.

ஸ்டார் ஃப்ளெக்ஸ்

பிரிண்ட் பத்தி. 6க்கு 4 அடி போதும். அந்த சைஸுக்கு 72 டிபிஐன்னா 5184க்கு 3456 பிக்சல். நிஜ எழவு ஃப்ளெக்ஸ் எதுவும் அவ்வளவு சுத்தமா இருக்காது, வாட்ஸ்அப்ல வந்த படத்தை இழுத்துப் பெருசாக்கியிருப்பாங்க. ஆனா உங்க கதைல கை தெரியணும். அதனால படத்தை நல்லா எடுத்து, முகத்தை லேசா மங்க வெச்சு, கைப்பக்கம் மட்டும் விட்டுடுங்க. போட்டோவை ரெண்டு வாரம் முன்னாடியே எடுக்கணும். நடிகருக்கு இள வயசு மேக்கப், பின்னணில ஸ்டுடியோ திரை. கண்ணாடி வளையல் நல்லது, கலரா பிரிண்ட்ல எடுபடும். தங்க வளையல் தோல் நிறத்தோட கலந்துடும்.

சாதா ஃப்ளெக்ஸ் பளபளக்கும், லைட் பட்டா வெள்ளையாத் தெரியும். மேட்டா கேட்டு வாங்குங்க. காத்துல படபடன்னு அடிச்சா ஆடியோக்காரர் கொலைவெறி ஆயிடுவார், பின்னாடி சட்டத்துல இறுக்கி அடிங்க. தோற்றம், மறைவு தேதியை ஒரு தடவைக்கு மூணு தடவை சரி பாருங்க, கீழ இருக்கற கடை போன் நம்பரை எடுத்துடுங்க. யார் நம்பரோ அதுல விழும். "கண்ணீருடன்" பட்டியல்ல மருமகன் பேர் மகன் பேருக்கு மேல வந்தாலே உங்களுக்கு இன்னொரு சண்டை இலவசம்.

கொண்டை ஊசி

இறங்கற சீன். அடிவாரத்துல இருந்து ஏறும்போது வளைவு எண் கூடிட்டே போகும். இறங்கும்போது 20, 19, 18ன்னு கவுண்ட் டவுன். இதை விட்டுடாதீங்க. ஆனா இருபது வளைவையும் எடுக்கப் போகாதீங்க. மூணு வளைவு போதும், போர்டைத் தனியாச் செஞ்சு நம்பர் மாத்துங்க. ஷூட் முடிஞ்ச கையோட எடுத்துடுங்க, பின்னாடி வர்றவங்க நம்பரைப் பார்த்துத்தான் வண்டி ஓட்டறாங்க.

ரோட்டுல நிறுத்தி எடுக்க போலீஸ் அனுமதி வேணும், காப்புக்காட்டுல கால் வெச்சா வனத்துறை. வார நாள் பாருங்க. சனி ஞாயிறு சுற்றுலா வண்டிக்கு நடுவுல ஒரு டேக் முடியாது. கதைல சனிக்கிழமை, ஷூட் செவ்வாய்க்கிழமை. வளைவுல குரங்கு உட்கார்ந்திருக்கும். பாடைக்கு வாழைப்பழமோ தேங்காயோ வெச்சிருந்தா மூடி வையுங்க. வண்டிக்குள்ள பாக்ஸை நாலு பக்கமும் பெல்ட் போட்டு இழுத்துக் கட்டணும். வழுக்கற மாதிரி நடிக்கணும்னா அதை நின்ன வண்டில ஆட்டி எடுங்க. ஓடற வண்டில வேண்டாம்.

மழை பயமும் ஜனவரில குறைவு. 2024 டிசம்பர் தொடக்கத்துல ஃபெஞ்சல் புயல் மழைக்கு மலைப்பாதைல மண் சரிஞ்ச மாதிரி ஆனா நாலு நாள் ஷூட் காலி. மலைக்குப் போற இன்னொரு பாதையான குப்பனூர் வழியையும் ஒரு தடவை ஓட்டிப் பார்த்து வெச்சுக்கங்க.

அடிவாரத்துக்கு வந்தவுடனே பழைய சினிமா ஸ்டுடியோ மாடர்ன் தியேட்டர்ஸோட நுழைவாயில் வளைவைக் காட்டி சேலம்னு சொல்லாதீங்க. அதுக்கு மரியாதை உண்டு, ஆனா எல்லாரும் அதைத்தான் காட்டறாங்க. செவ்வாய்ப்பேட்டைல சவ்வரிசி மூட்டை இறக்கறதைக் காட்டினா ஊர்க்காரனுக்குப் புரியும்.

சட்டம் பேசுபவர்

மூன்று விஷயம், நண்பரே. வீட்டில் இறந்தவருக்கு மருத்துவர் தரும் இறப்புக் காரணச் சான்று படிவம் 4ஏ. மருத்துவமனையில் இறந்தால்தான் 4. உங்கள் சீன் பேப்பரில் மாற்றி எழுதியிருந்தால் திருத்துங்கள். சனிக்கிழமை சாயங்காலம் மலையில் மருத்துவரைத் தேடுவதே ஒரு சீன். இறப்புப் பதிவுக்கு 21 நாள் இருக்கிறது, அதைச் சொல்லாமல் அன்றைக்கே ஓடுவதுபோல் காட்டாதீர்கள்.

ஓடிடிக்கு 2021 தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி வயதுப் பிரிவு போடவேண்டும். கெட்டவார்த்தையை நம்பாமல் எழுதினால் 13+ பிரிவுக்குள் நிற்க வாய்ப்புண்டு, சேனலுக்கும் அதுதான் வசதி. பெரியப்பா பீடி பிடிக்கிறாரா? 2023 செப்டம்பர் முதல் ஓடிடியிலும் புகையிலை எச்சரிக்கை கட்டாயம். தொடக்கத்திலும் நடுவிலும் ஓட வேண்டும், பீடி தெரியும் நேரமெல்லாம் திரையின் அடியில் வாசகம் வேண்டும். உங்கள் நடு சீனை அது உடைக்கும். பீடிக்குப் பதில் வெற்றிலை கொடுங்கள், புகையிலை இல்லாமல்.

தட்டுவடை செட்

எல்லாரும் ஒண்ணை விட்டுட்டீங்க. சனிக்கிழமை சாவு. சனிப் பொணம் தனிப் போகாது. பாடைல கோழிக்குஞ்சு கட்டணும்னு பெரியம்மா ஒருத்தி கிளம்பாம இருப்பாளா?

பந்தக்கால்

இருக்கு, இருக்கு. கோழி கைநழுவி தோட்டத்துக்குள்ள ஓடுது, மாப்பிள்ளை துரத்தறார். பெரிய சீன்.

சட்டம் பேசுபவர்

உயிருள்ள கோழி என்றால் விலங்கு நல வாரியத்தின் முன் அனுமதி வேண்டும். அலுவலகம் முன்பு சென்னையில் இருந்தது, இப்போது அரியானாவில். ஜனவரி ஷூட்டுக்கு இன்றே விண்ணப்பித்தாலும் நெருக்கடிதான்.

அஸ்தம்பட்டி ஆடியோ

கோழியைக் காட்டவே வேண்டாமே. கூடை மூடின மாதிரி இருக்கட்டும், சத்தத்தை நான் உள்ள வைக்கறேன். மாப்பிள்ளை பனிக்குள்ள ஓடறார், பனில ஆளையும் காணோம் கோழியையும் காணோம், சத்தம் மட்டும் இடப்பக்கம் வலப்பக்கம் மாறுது. கேமரா அசைய வேண்டாம்.

கோரிமேடு லைட்

அப்படின்னா பனி இல்லாத நாள்லயும் எடுத்துடலாம், புகை மெஷின் ஒண்ணு போதும். காத்து எந்தப் பக்கம்னு பார்த்துட்டு போடுங்க.

வாடகைப் பாத்திரம்

சைவ வீட்டுல கோழிக்குப் பதில் தேங்காய் கட்டறதும் உண்டுங்க. கோழி தொலைஞ்ச பிறகு பெரியம்மா வேற வழியில்லாம தேங்காய்க்கு ஒத்துக்கறா, ஆனா "உயிர் இருக்கணுமே"ன்னு ஒரு சந்தேகம். யாரோ தேங்காயை ஆட்டி, தண்ணி சலசலக்கறதைக் காட்டறாங்க.

பந்தக்கால்

யோவ்! இது பைலட்டுலயே போகுது.

வாடகைப் பாத்திரம்

குடுமி எடுக்காத தேங்காயா வாங்குங்க, அப்பத்தான் பாடைக் கம்புல கட்ட நிக்கும். ஒரு டஜன் எடுத்துக்கங்க. வத்தின காய்ல சத்தம் வராது, கடைலயே ஒவ்வொண்ணா ஆட்டிப் பார்த்து வாங்குங்க.